முதல்ல எந்த கேசட்டு?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நான் ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தேன். என் வூட்டுக்காரர் ஆரம்பிச்ச கடை அது. அவருக்கு கண்டக்டர் வேலை கெடச்சதும் கடைய என் தலையில கட்டிட்டு பஸ்ஸேறிட்டாரு. சீட்டுல பாட்டு எழுதிக்கினு வருவாங்க, வெறும் கேசட்டுல பதிஞ்சி குடுக்கணும். ஒரு கேசட்டு பதிய ஒரு மணி நேரம் ஆவும். பகல் பூரா அடுத்தவங்க காதல் பாட்டைக் கேட்டுக்கினு ஒரே எடத்துல உக்காந்திருக்கறது எம்மாம் அலுப்புன்னு உக்காந்து பாத்தாத்தான் தெரியும். கடைய மூடினப்ப ஊரே உச்சுக்கொட்டிச்சி. நான் பூட்டைப் போட்டுட்டு நிம்மதியா தூங்கினேன்.

அந்தக் கடையில எனக்கு மறக்காத ஆளு ஒருத்தர்தான். கல்வராயன் மலை மேல வேலை பாத்த நர்சம்மா. மாசம் ஒருக்கா மீட்டிங்குக்குக் கீழ எறங்கி வரும். மீட்டிங் முடிஞ்சி வெள்ளிமலை பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரமும் என் கடை ஸ்டூலுதான். மத்தவங்க எல்லாம் ‘இதைப் பதிங்க’ன்னு சொல்லுவாங்க. இந்தம்மா மட்டும், “முதல்ல எதைக்கா வாங்கலாம்?”னு என்னையே கேக்கும்.

எனக்கு இன்னா தெரியும்? அது கேக்கறது சினிமாப் பாட்டா, சாமிப் பாட்டா? எங்கியோ வெளிநாட்டுல பியானோ வாசிக்கற ஒருத்தரு. மலை மேல ரேடியோவுல நம்ம ஸ்டேஷன் ஒண்ணும் சரியா எடுக்காதாம். சாயங்காலம் ஆனா வெளிநாட்டு ஸ்டேஷன் ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு கேக்குமாம். தமிழ்ல பேசிட்டு, வாரத்துல ஒரு நாளு மேல்நாட்டு சங்கீதம் போடுவாங்களாம். அதுல அந்தாளு வாசிச்சதைக் கேட்டிருக்கு.

“அப்படி இன்னா இருக்குது அதுல?”ன்னேன்.

“நடுவுல நடுவுல நிறுத்திடறாருக்கா. ஐயோ, மறந்துட்டாரேன்னு நாம பயந்துக்கினு இருக்கறப்ப, மெதுவா திரும்ப ஆரம்பிக்கறாரு”ன்னுது.

எதிர்க்க டீக்கடைக்காரரு கிளாஸைக் கழுவிக்கினே, “இன்னா பாட்டும்மா அது?”ன்னாரு. “ஜாஸாம்”னேன். “ஜாஸா? ஜாஸ்தியில பாதியா?”ன்னாரு. நர்சம்மா சிரிக்கவே இல்ல. “ஆமாங்க. பாதிதான் வாசிப்பாரு. மீதிய நம்ம கிட்ட வுட்டுடுவாரு”ன்னுது. டீக்கடைக்காரரு திரும்பவும் கிளாஸைக் கழுவப் போயிட்டாரு.

நர்சம்மா அந்த ஸ்டேஷனுக்கு லெட்டர் போட்டிருக்கு. அவங்களும் மதிச்சி ஒரு சின்ன புத்தகம் அனுப்பி வச்சிட்டாங்க. பியானோக்காரரோட ரெக்கார்டு பேரெல்லாம் அதுல வரிசையா இங்கிலீஷ்ல இருந்துச்சி. எனக்கு சரக்கு கொண்டாற ஆளு பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மெட்ராஸ் போவாரு. “அந்த மாதிரி ரெக்கார்டு வச்சிருக்கற ஒருத்தரைத் தெரியும். கேசட்டுல ஏத்தி வாங்கிக்கினு வரேன். ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணுதான் ஏத்தித் தருவாரு, அவரு ஒரு மாதிரி”ன்னாரு. போச்சா! நர்சம்மாவுக்கு அதுக்கப்புறம் அதே நெனப்பு. முதல்ல எது?

நாலு மாசம் ஆவியும் முடிவெடுக்கல. எனக்குக் கோவம் கோவமா வரும். “எதையாச்சும் ஒண்ணை வாங்கிக் கேளும்மா. இன்னா, பொண்ணா பாக்கற?”ன்னு கத்துவேன். “முதல்ல தப்பாயிடுச்சின்னா மீதியெல்லாம் போச்சிக்கா”ன்னு அமைதியா சொல்லும்.

அது மலையில கத்துக்கினது. தடுப்பூசிப் பெட்டியத் தோள்ல மாட்டிக்கினு ஊர் ஊரா நடக்கணும். ஒரு ஊருக்குப் போனா முதல் ஊசி எந்த வூட்டுல போடறோம்ன்றதுலதான் எல்லாமே இருக்குதாம். பெரிய வூட்டுக்குப் போவக்கூடாது, மத்தவங்க மொறச்சிக்குவாங்க. ஓரத்து வூட்டுக்கும் போவக்கூடாது, போட்டதே யாருக்கும் தெரியாது. நல்லா வாயாடற பொம்பளையா, சாமை புடைச்சிக்கினு வாசல்ல உக்காந்திருக்கணும். இடுப்புல கொழுகொழுன்னு புள்ள இருக்கணும். அங்க தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, நோம்பி, விளைச்சல்னு ஊர்க்கதையெல்லாம் பேசிட்டுத்தான் பெட்டியத் தொறக்கணும். அந்தப் புள்ள ஊசிய வாங்கிக்கினு சிரிச்சிடுச்சின்னா ஊரே வரிசையில வந்து நின்னுடும்னு சொல்லும்.

ஒரு ஊருல அந்தக் கணக்கு தப்பிப் போச்சாம். முதல் வூட்டுப் புள்ளைக்கு மத்தியானமே காய்ச்சல் கொதிச்சிடுச்சி. ஊசி போட்டா வர்ற காய்ச்சல்தான். சொன்னா யாரு கேக்கறது? கதவெல்லாம் படபடன்னு சாத்திக்கிச்சி. கூடப் போன ஆளு, “வாங்கம்மா, அடிக்கப் போறாங்க, எறங்கிடலாம்”னு பெட்டியத் தூக்கிட்டாரு. இந்தம்மா எறங்கல. அதே வூட்டுல உக்காந்து, அந்தப் புள்ளைக்கு ஈரத்துணி போட்டுக்கினே இருந்துச்சி. வூட்டுக்காரங்க திட்டினாங்க, கேட்டுக்கிச்சி. பொழுது சாயறதுக்குள்ள காய்ச்சல் எறங்கி, புள்ள கூழு கேட்டு அழுதுச்சாம். மறுநாளு சாத்தின கதவெல்லாம் தொறந்துச்சி.

“சுட்டுச்சின்னா வுட்டுட்டு ஓடக்கூடாதுக்கா. சுட்ட எடத்துலயே உக்காரணும்.” இதை அது எத்தினியோ தடவை சொல்லி நான் கேட்டிருக்கேன்.

“உனக்கு புள்ளைங்க?”ன்னு ஒரு நாளு கேட்டேன்.

“ஒரு பொண்ணு. திருக்கோவிலூர்ல எங்க அக்கா வூட்டுல வளருது.”

வூட்டுக்காரரைக் கேட்டதுக்கு, “போய்ட்டாரு”ன்னு ஒத்தை வார்த்தைதான். செத்துட்டாரா, வுட்டுட்டுப் போயிட்டாரான்னு நான் துருவல. ரெண்டுல எதுன்னாலும் எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

“பொண்ணுக்கு ரெண்டு வயசுல எனக்கு வேலை ஆர்டர் வந்துச்சிக்கா. மலை மேல. ஒரு வருஷம் வச்சிக்க, கீழ மாத்தல் வாங்கிக்கினு வந்து தூக்கிக்கறேன்னு எங்க அக்கா கிட்ட குடுத்துட்டு வந்தேன். மாத்தல் வந்துச்சி. இந்த ஊருல இருந்து அந்த ஊருக்கு, ஆனா மலை மட்டும் அதே மலைதான். பதினோரு வருஷம் ஆச்சி. முதல்ல ஆர்டரைத் தூக்கினேன், அப்புறம் புள்ளையத் தூக்கலாம்னு நெனச்சேன். எது முதல்லன்றதுல அங்கதான் தப்பு பண்ணிட்டேன்.”

அக்கா புள்ளைங்க இதைச் சித்தின்னு கூப்புடறதைப் பாத்து, இது பெத்த பொண்ணும் சித்தின்னே கூப்புடப் பழகிடுச்சாம். வளக்கறவங்க அம்மா, பெத்தவ சித்தி. “யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. யாரும் திருத்தவும் இல்ல. நானும் திருத்தல. எப்பவாச்சும் முறுக்குப் பொட்டலத்தோட போயி நிக்கறவ இன்னான்னு திருத்தறது?”ன்னுது. பஸ்ஸுக்கு எழுந்திருக்கறப்ப, “ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்புட்டாப் போதும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல”ன்னுது. ஆனா நான் சொன்னது, “பஸ்ஸு போய்டும், கெளம்பு”ன்னுதான்.

சரி, புத்தகத்துக்கு வரேன். கையை நல்லா நீட்டி, தூரமா வச்சிக்கினுதான் படிக்கும். கிட்ட இருக்கற எழுத்து அதுக்கு மங்கும். “கண்ணாடி வாங்கும்மா”ன்னா, “ஆவட்டும்க்கா”ன்னு சொல்லும். அந்தப் புத்தகத்துல வரிக்கு வரி எல்-ஐ-வி-இன்னு ஒரு வார்த்தை, பக்கத்துல ஒரு ஊர் பேரு. லிவ்வுன்னா வாழறதுன்னு எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போன யாருக்கும் தெரியும். எனக்கும் அம்புட்டுதான் தெரியும்.

“பாவம்க்கா இந்தாளு. பாத்தீங்களா, இந்த ஊருல வாழ்ந்திருக்காரு. மறு வருஷம் வேற ஊரு. அடுத்த வருஷம் இன்னொரு ஊரு. என்னை மாதிரியே மாத்திக்கினே இருந்திருக்காங்க. நான் ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ்வு, ஒரு ரேடியோ தூக்கறதுக்கே முதுகு வுட்டுப் போவுது. பியானோ எம்மாம் பெரிசு! அதை எப்படித்தான் ஏத்தி எறக்கினாரோ?”

நானும் சேந்துதான் உச்சுக்கொட்டினேன். எனக்கு மட்டும் இன்னா வாழுது?

ஒண்ணே ஒண்ணுல மட்டும் ஊர் பேரும் இல்ல, லிவ்வும் இல்ல. ஹோம்னு முடிஞ்சிது. அதைக் கடைசிக்குன்னு ஒதுக்கி வச்சிடுச்சி. “இது அவரு வூடு வந்து சேந்தப்புறம் வாசிச்சதுக்கா. எனக்கும் கீழ மாத்தல் வந்து, பொண்ணைக் கூட்டிக்கினு வந்து வச்சிக்கினப்புறம் இதைக் கேக்கறேன். அதுக்கு முன்ன வாணாம்.”

அஞ்சாவது மாசம் முடிவாச்சி. தனியா வாசிச்சது வேணாம், மூணு பேரா சேந்து வாசிச்ச ஒண்ணை முதல்ல வாங்கலாம்னுது. புது ஊருல துணை இருந்தாத்தான் மனசு ஒட்டுமாம். கேசட்டும் வந்துச்சி. கடையிலயே போட்டேன். எனக்கு ஒண்ணும் புரியல. ஓட்டு மேல மழை ஆரம்பிக்கற மாதிரி எங்கியோ ரெண்டு சொட்டு வுழுந்துச்சி, நின்னுச்சி, திரும்ப வுழுந்துச்சி. முடிஞ்சதும் ஒரே கைதட்டல். நர்சம்மாவுக்கு மொகமெல்லாம் பல்லு.

“கேட்டீங்களாக்கா? அக்கம்பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் வந்துட்டாங்க. நல்ல ஊரு போல!”

அன்னிக்கி சந்தோஷத்துல புத்தகத்தைக் கடையிலயே மறந்து வச்சிட்டு மலைக்குப் பஸ்ஸேறிடுச்சி. அதுதான் வினையாச்சி. காலேஜுல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கற சார் ஒருத்தர் என் கடைக்கு வர்றவரு. புத்தகத்தைப் புரட்டினாரு. பியானோக்காரரு எத்தினி ஊருல குடியிருந்திருக்காரு பாத்தீங்களான்னு நான் பெருமையா சொன்னேன். அவரு இருமி இருமி சிரிச்சாரு. “அது லிவ் இல்லம்மா, லைவ். அந்தந்த ஊருல மேடை போட்டு, ஜனங்க முன்னாடி வாசிச்சதை அப்படியே பதிஞ்சதுன்னு அர்த்தம்”னாரு. எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சி. நர்சம்மா கிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணேன். தப்பாப் புரிஞ்சிக்கினதால யாருக்கு இன்னா நஷ்டம்?

முடிவு பண்ணி இன்னா புண்ணியம்? என் வாய் என் கிட்ட நிக்குமா?

அடுத்த மீட்டிங் அன்னிக்கி காலையில இருந்து கரண்டு இல்ல. வேர்வை ஊத்துது. கல்யாணத்துக்குப் பதிய வேண்டிய கேசட்டு மெஷின்ல சிக்கி, நாடா குடலு மாதிரி வெளிய தொங்குது. கல்யாண வூட்டுக்காரங்க வாசல்ல நின்னுக்கினு திட்டறாங்க. அந்த நேரம் பாத்து நர்சம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கினு, மறந்துட்டுப் போன புத்தகத்தை எடுத்துப் பிரிச்சி, “ரெண்டாவது எந்த ஊருக்குப் போனாருன்னு பாத்து அதை வாங்கலாமாக்கா?”ன்னுது.

“எந்த ஊருக்கும் போவல! அது லிவ் இல்ல, லைவ்! மேடையில வாசிச்சதும்மா அது. அந்தாளு குடி மாத்தவும் இல்ல, பியானோவ ஏத்தி எறக்கவும் இல்ல. நீயா கதை கட்டிக்கினு என் உசுர வாங்காத!”

கல்யாண வூட்டுக்காரங்களே வாயை மூடிக்கினாங்க.

நர்சம்மா புத்தகத்தை மடிச்சி பையில வச்சிச்சி. “அப்ப அந்தக் கைதட்டினவங்க அக்கம்பக்கம் இல்லியாக்கா?”ன்னுது.

“இல்லம்மா. டிக்கெட்டு வாங்கி வந்தவங்க.”

“வாசிச்சி முடிச்சதும் அவரு வூட்டுக்குத் திரும்பிடுவாரா?”

“திரும்பித்தானே ஆவணும்.”

“நல்லதுதான்”ன்னுது. “அவருக்காச்சும் வூடு ஒண்ணா இருந்துச்சே. நான்தான் என்னை மாதிரின்னு நெனச்சிக்கினேன்.” அவ்ளோதான். பஸ்ஸுக்கு இன்னும் முக்கா மணி இருந்துச்சி, எழுந்து போயிடுச்சி. அந்த ஸ்டூலைப் பாக்கப் பாக்க எனக்கு என் நாக்கை அறுத்துப் போடலாமான்னு இருந்துச்சி.

ரெண்டு மீட்டிங்குக்கு வரல. மூணாவது மாசம் மழையில நனைஞ்சிக்கினு ஓடியாந்து, “அக்கா! கீழ, மணலூர்பேட்டை பக்கம் மாத்தல் போட்டுட்டாங்க!”ன்னுது. திட்டினதை மறந்தே போச்சோ, மறந்த மாதிரி இருந்துச்சோ, தெரியல. பொண்ணை அங்கியே பள்ளிக்கூடத்துல சேத்துடப் போவுதாம். “அந்தக் கடைசிய சொல்லி வுடுங்கக்கா. ஹோம்னு இருக்கே, அதை. வரிசையெல்லாம் போதும்”னு சொல்லிச்சி.

அந்தக் கேசட்டை வாங்க வந்தப்ப பொண்ணையும் கூட்டிக்கினு வந்துச்சி. பதிமூணு வயசு. அம்மா மாதிரியே நெத்தி. ஸ்டூல்ல உக்காரச் சொன்னேன், உக்காரல. வாசப்படியிலயே நின்னுக்கினு ரோட்டைப் பாத்துச்சி. கேசட்டைப் போட்டேன். ரெண்டு சொட்டு, அப்புறம் ஒண்ணும் இல்ல, அப்புறம் நாலு சொட்டு. பாட்டு ஒண்ணு முடிஞ்சிச்சி. சத்தமே இல்ல.

“கைதட்டல பாத்தீங்களாக்கா?”ன்னு நர்சம்மா மெதுவா சொல்லிச்சி.

“வூட்டுல எவன் கைதட்டுவான்? நானும் இருவது வருஷமா ஆக்கிக் கொட்டறேன், ஒருத்தன் தட்டினானா?”ன்னேன்.

நர்சம்மா வாய்விட்டு சிரிச்சிடுச்சி. வாசப்படியில இருந்து அந்தப் பொண்ணு, “சித்தி, பஸ்ஸு போய்டும்”னுது.

எனக்குச் சுருக்குன்னுச்சி. வாயைத் தொறந்தேன். நர்சம்மா வேணாம்னு கண்ணைக் காட்டிச்சி. சித்தின்னதுக்கு, சொந்தப் பேரைக் கூப்புட்ட மாதிரி, “இதோ வந்துட்டேன்”னு எழுந்துடுச்சி. கேசட்டைப் பையில வச்சிக்கினே என் காதுகிட்ட, “காய்ச்சல் இன்னும் எறங்கலக்கா. உக்காந்திருக்கேன்”னுது. மழைத்தண்ணியில முன்ன பொண்ணு, நாலடி பின்னால நர்சம்மா, அப்படித்தான் போச்சிங்க.

அதுக்கப்புறம் நர்சம்மா கடைக்கு வரல. மீட்டிங்கெல்லாம் அந்தப் பக்கமே நடக்குது. ஒரு எட்டு போய்ப் பாக்கலாம்னு நெனப்பேன். கடை, வூடு, மாமியாருக்குக் கஞ்சின்னு பொழுது போயிடும். நெனப்பு நெனப்பாவே கெடக்கும்.

ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு பொண்ணு வந்து நின்னுச்சி. நெத்திய வச்சித்தான் கண்டுபுடிச்சேன். கூடப் படிக்கற பொண்ணோட சேந்து துணி எடுக்க வந்ததாம். ஒரு கையில சினிமாப் பாட்டு எழுதின சீட்டு, புது கேசட்டு. இன்னொரு கையில நாடா அறுந்துபோன அந்த பியானோ கேசட்டு.

“அவங்க டியூட்டிக்குப் போயிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாம எடுத்துக்கினு வந்தேன். நான் போட்டுக் கேக்கறப்ப அறுந்துடுச்சி”ன்னுது.

அவங்க. சித்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் அவங்க. அதுவா போட்டுக் கேட்டுதா? நான் கேக்கல. அந்த மட்டுக்கும் வயசாயிடுச்சி எனக்கு.

“எப்ப பஸ்ஸு?”

“அரை மணியில.”

“ரெண்டும் ஆவாது கண்ணு. பாட்டுன்னா ஒரு மணி நேரம் ஓடணும். இதை ஒட்டறதுன்னா இப்பவே ஒட்டலாம். முதல்ல எது?”

கேட்டப்புறம்தான் இது யாரு கேள்வின்னு எனக்கே ஒறச்சிது. பொண்ணு யோசிக்கவே இல்ல. பாட்டு சீட்டை மடிச்சி ஜடையில சொருகிக்கினு, அறுந்த கேசட்டை என் பக்கம் தள்ளிச்சி.

ஸ்குரூவைக் கழட்டி, நாடாவை வெட்டி ஒட்டி, சுத்திப் பாத்து முடிக்க இருவது நிமிஷம் ஆச்சி. போட்டுக் காமிச்சேன். ஒட்டின எடத்துல லேசா ஒரு தடுக்கு. “பரவால்ல, அவரே அங்கங்க நிறுத்தறவருதானே”ன்னுது. மேல ஒட்டியிருந்த பழைய லேபிள் உரிஞ்சி வந்துடுச்சி. யாரு கேசட்டுன்னு பேரு எழுதித் தர்றது கடை வழக்கம். பேனாவை எடுத்து, “பேரு இன்னான்னு எழுத?”ன்னேன்.

பொண்ணு ரோட்டைப் பாத்துச்சி.

“அம்மான்னு எழுதுங்க.”

எழுத வேண்டியதுதானே? என் வாய் சும்மா இருக்குமா! “எந்த அம்மான்னு தெரிய வேணாமா?”ன்னேன்.

“வூட்டுல ஒருத்தர்தானே இருக்காங்க”ன்னுது, கோவமா.

முதல் லேபிள்ல மை ஈஷிக்கிச்சி. கிழிச்சிப் போட்டுட்டு வேற ஒண்ணு எடுத்தேன். லேபிள் முழுக்க வர்ற மாதிரி பெருசா எழுதிக் குடுத்தேன். அந்தம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது.